பஞ்சுவுக்கு பிரேக் கிடையாது

“கத்துக்கறது கஷ்டம்னு சொல்றதெல்லாம் சும்மா. கவனம் இல்லாதவன் கண்டுபிடிச்ச சாக்கு அது. நாலு சக்கரமோ நாலு காலோ, எதுவா இருந்தாலும் ஒரே வாரத்துல என் பேச்சைக் கேட்கும். என்கிட்ட வராதவனுக்கு வேற எவன்கிட்டயும் வராது.”

இந்தப் பொன்மொழி உதிர்ந்த இடம் ஒரு சாப்பாட்டு மேஜை. உதிர்த்தவர், ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர். மீதிப் பாதிப் பேர் அவரிடம் சேர்ந்து, அழுது, இன்றுவரை பஸ்ஸில் போகிறவர்கள்.

மாஸ்டரின் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பல வருடங்களாக அவருடைய வலது கால் அதன்மேல்தான் குடியிருந்தது. மாணவன் பயப்படுவதற்கு முன்பே கால் அழுத்திவிடும். கால் அழுத்திய கையோடு வாய் திறந்துவிடும். “கண்ணு எங்க இருக்கு? பின்மண்டையிலயா?” சினிமா தியேட்டரில் கார் துரத்தல் வந்தால்கூட அந்தக் கால் முன்சீட்டை மிதிக்கும். இரண்டு முறை அடிதடி வரை போயிருக்கிறது.

அவரிடம் கற்காமல் போனவர்களில் முதல் இடம் அவர் மனைவிக்குத்தான். கல்யாணமான புதிதில், நாற்சந்தியின் நடுவே வண்டியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனவர். இப்போது அவர் வேலை செய்யும் வங்கி, ஊருக்கு வெளியே திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரை மேலாளராக்கிவிட்டது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓட்டியே ஆக வேண்டும்.

“நான் சொல்லித் தரேன்” என்றார் மாஸ்டர்.

“வேண்டாங்க. எதிர்க்கடையில சேர்ந்துக்கறேன்.”

எதிர்க்கடை என்பது தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு பயிற்சிப் பள்ளி. அதை நடத்துபவர் மாஸ்டரின் பழைய மாணவர். ‘மண்ணாந்தை’ என்று மாஸ்டர் வாயாலேயே பட்டம் வாங்கியவர். அவருடைய காருக்குள் மாணவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அது தொழில் தர்மத்துக்கே விரோதம் என்பது மாஸ்டரின் கருத்து. சொந்த மனைவி அந்த வண்டியில், தலைக்கு மேலே அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையோடு, தன் கடை வாசலைத் தாண்டிப் போவதா? அந்த வேகத்தில்தான் மேற்படிப் பொன்மொழி உதிர்ந்தது.

சாப்பிட வந்திருந்த மைத்துனன் நிமிர்ந்தான். அக்காவுக்காக எதையும் செய்யக்கூடியவன், அதிலும் வேடிக்கை பார்ப்பதைக் கூடுதலாகச் செய்வான். “நாலு காலோன்னு சொன்னீங்களே மாமா. ஆத்தோரமா குதிரை ஓட்டக் கத்துக்கொடுக்கறாங்க. பெரியவங்களையும் சேர்த்துக்கறாங்களாம்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “நல்லதாப் போச்சு. புதுக் கிளை திறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, அந்த மைதானத்துல ஒரு முழுச் சுத்து, யாரும் கயிறு பிடிக்காம வந்துடுங்க. வந்தா உங்ககிட்டயே கத்துக்கறேன். இல்லேன்னா எதிர்க்கடை. அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“ஒரு சுத்துதானே” என்றார் மாஸ்டர்.

அவருக்குக் கொடுத்த குதிரையின் பெயர் பஞ்சு. பெயர் வைத்தவர் அதன் முதுகில் உட்கார்ந்ததில்லை என்பது ஏறிய உடனே தெரிந்தது. ஏறுவதற்கு முதலில் ஒரு முக்காலி போட்டார்கள். பிறகு அதைவிட உயரமான ஒன்றைப் போட்டார்கள்.

“இதை நிறுத்தறது எப்படி?” என்பது சேணத்தில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி.

பயிற்சியாளர் அவர் வயதில் பாதி இருக்கும் ஒரு பெண். “நிமிர்ந்து உட்காந்து, மூச்சை மெதுவா வெளிய விடுங்க சார். நின்னுடும்.”

மூச்சு விட்டு வண்டி நிறுத்துவதை மாஸ்டர் எந்தப் பாடத்திட்டத்திலும் பார்த்ததில்லை. அதற்குள் பஞ்சு ஓரடி எடுத்து வைத்தது. மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, பஞ்சுவின் விலா இருந்தது. விலாவில் குதிகால் பட்டால் ‘கிளம்பு’ என்பது குதிரைக்குத் தெரிந்த பாஷை. கிளம்பியது. மாஸ்டர் பதறி, இன்னும் பலமாகப் பிரேக் போட்டார். அப்படியே ஆகட்டும் என்று பஞ்சு ஓட்டநடைக்கு மாறியது. பயிற்சியாளர் கையில் நீளக் கயிறு இருந்ததால் சம்பவம் அதோடு முடிந்தது.

“காலைத் தளர்வா விடுங்க சார்.”

“தளர்வாத்தான் இருக்கு.”

“வலது காலைச் சொல்றேன்.”

“அது பிரேக் கால் மேடம். அது அப்படித்தான் இருக்கும்.”

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதமும் ஆயிற்று. கூடவே சேர்ந்த பல் டாக்டர் கயிறில்லாமல் ஓட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு முறை தாண்டிப் போகும்போதும் அக்கறையாக ஒரு வார்த்தை வேறு: “பல்லைக் கடிக்காதீங்க சார். தேஞ்சுடும்.” மாஸ்டர் மட்டும் கயிற்றின் மறுமுனையில், செக்குமாடு தேவலை என்கிற நிலையில் சுற்றிக்கொண்டிருந்தார். கவனத்தில் குறை இருந்தால்தானே? கவனம் முழுக்க இருந்தது. அந்தக் கால்தான் யாரையும் கேட்காமல் மிதித்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் பஞ்சுவிடமே கேட்டார். “கண்ணு எங்க இருக்கு உனக்கு?” பஞ்சு காதை ஆட்டியது. அவர் திட்டி அழாத முதல் மாணவி அதுதான்.

வீட்டில் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

“எங்க வலிக்குது?” என்றார் மனைவி.

“எங்கயும் இல்ல.”

“அப்போ உட்காரலாமே.”

“நின்னா நல்லா செரிக்கும்.”

கடைசி வாரத்தில் அவர் பயிற்சியாளரிடம் கெஞ்சினார். “என்னைத் திட்டுங்க மேடம். ரெண்டு திட்டுத் திட்டினா சரியாயிடுவேன்.”

“திட்டினா குதிரை பயப்படும் சார்.”

“நான் பயப்பட மாட்டேன்.”

“நீங்க ஏற்கெனவே பயந்துதான் இருக்கீங்க. அதனாலதான் கால் மிதிக்குது. அதுக்கு மேல நான் வேற எதுக்குக் கத்தணும்?”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அன்று மாலை அவர் வகுப்பில் ஒரு மாணவி வளைவில் வண்டியை அணைத்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள். மாஸ்டர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வரவில்லை. அவள் அதற்கும் பயந்துபோனாள்.

கெடு முடியும் ஞாயிறு. புதுக் கிளை திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. வேலி ஓரமாக மனைவியும் மைத்துனனும் நின்றார்கள். கயிறு கழற்றப்பட்டது. கால்வாசிச் சுற்று, பஞ்சு யோசித்து யோசித்து நடந்தது. பாதிச் சுற்றும் ஆயிற்று. மாஸ்டர் முகத்தில் வெற்றிக் களை தட்டியபோது, வேலியில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் படபடத்தது.

கால் மிதித்தது. பஞ்சு பறந்தது. மாஸ்டர் கடிவாளத்தை விட்டுவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் யாரையும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்ததில்லை என்று மைத்துனன் பிற்பாடு அக்காவிடம் சொன்னான். வேலியோரமாகவே ஓடிய பஞ்சு, புறப்பட்ட வாசலில் கேரட் வாளியைக் கண்டதும் சட்டென்று நின்றது. மாஸ்டர் சரிந்து மணலில் உட்கார்ந்தார்.

“மாமா, பார்க்கிங் பிரமாதம்” என்று மைத்துனன் கைதட்டினான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “அக்கா, முழுச் சுத்து வந்துட்டாரே.”

வந்துதான் விட்டார். கயிறும் இல்லை. மனைவி நியாயஸ்தர். “சொன்னா சொன்னதுதான். நாளைக்கே உங்ககிட்ட ஆரம்பிக்கறேன்” என்றார். சொல்லும்போது தோளைக் குறுக்கிக்கொண்டார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

மாஸ்டர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “நான் எங்க வந்தேன்? அதுதான் வந்துச்சு” என்றார்.

மறுநாள் காலை அவர் தெருவைக் கடந்தார். எதிர்க்கடைக்காரர் பதறி எழுந்தார், பழைய பயம். “என்ன சார், ஏதாவது தப்பாயிடுச்சா?”

“ஒரு ஆளைச் சேர்க்கணும். எங்க வீட்டம்மா.”

“நீங்களே சொல்லித் தரலாமே சார்?”

“என் கால் சும்மா இருக்காது. நீங்க சொல்லிக் கொடுங்க.”

எதிர்க்கடைக்காரர் வாழ்நாளில் மாஸ்டரிடம் வாங்கிய முதல் ‘நீங்க’ அது.

சில நாள் கழித்து அந்தக் கார், பெயர்ப்பலகையோடு, மாஸ்டரின் கடை வாசலுக்கு நேரே வந்து குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின. மனைவி ஓரக்கண்ணால் கடையைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது, வாய் பாதி திறந்தது.

அவர் அந்தக் காலைத் தூக்கி நாற்காலிமேல் மடித்து வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

கார் கிளம்பிவிட்டது. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.