சனிக்கிழமைச் சாவும் இரண்டு அமெரிக்க அதிபர்களும்

என் சகலைக்கு அமெரிக்க அதிபர்கள் செத்த கதையெல்லாம் அத்துப்படி. இதற்கெல்லாமா வயிறெரிவார்கள் என்று கேட்பவர்கள், என் மாமனார் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்ததில்லை.

சகலைக்குப் பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நான் சோமனூரில் தறி ஓட்டுகிறேன். மாமனார் வீட்டு விருந்தில் இலை எடுத்ததும், "ஏனுங் மாப்ள, அந்த அமெரிக்காக்காரன் சமாச்சாரம் ஒண்ணு எடுத்துவுடுங்க" என்பார் அவரிடம். பூஜ்யத்தில் முடியும் வருடங்களில் ஜெயித்த ஏழு பேர் வரிசையாகப் பதவியிலேயே செத்ததை அவர் சொல்லச் சொல்ல, மாமனார் வாயைப் பிளந்து கேட்பார். என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கரண்டு ஒழுங்கா வருதுங்களா?"

மூத்த மாப்பிள்ளை நான். பதினாறு வருடத்தில் என் பேச்சுக்கு அவர் ஒரு தடவை சிரித்திருந்தால் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

தறிச் சத்தத்துக்கு நடுவில் போனில் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன். அமெரிக்காவின் இரண்டாவது அதிபரும் மூன்றாவது அதிபரும் முதலில் நண்பர்கள், அப்புறம் அரசியலில் ஜென்ம விரோதிகள், வயதான காலத்தில் கடிதம் எழுதி ராசியானவர்கள். இருவரும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் செத்தார்கள். அதுவும் நாட்டின் ஐம்பதாவது சுதந்திர நாளில். சகலை இதைச் சொன்னதேயில்லை. அடுத்த விருந்துக்கு என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

விருந்துக்கு முன் சாவு வந்துவிட்டது. மாமனாரின் பங்காளி ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். இருவருக்கும் ஒரே வயது. வரப்புத் தகராறில் வருடக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்து, போன வருடம்தான் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாமனார் சாமியானாவுக்கு அடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்வார் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவோம். அந்தக் கோழி இன்னும் வந்து சேரவில்லை.

சகலை தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். இதை விட்டால் வாய்ப்பு வராது என்று பட்டது. என் கதை அவர்களுக்கு அப்படியே பொருந்துகிறதே என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"மாமா, அமெரிக்காவுல இப்படித்தானுங்க ரெண்டு பேரு. சண்டை போட்டு, ராசியாகி, கடைசியில ஒரே நாள்ல போயிட்டாங்க. ஒருத்தர் மத்தியானம், இன்னொருத்தர் சாயங்காலம்."

மாமனார் திண்ணைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. பின்னால் ஒரு பெரியம்மா, "இவுங்களுக்கு வேற பேச்சே கெடைக்கலையாக்கும்" என்றார்.

தண்ணீர் பாட்டில்களோடு என் பின்னால் வந்து நின்ற சகலை மெதுவாகச் சொன்னார்:

"மாமா, அவுங்க போனது செவ்வாக்கெழமைங்க. அந்த ஊர்ல யாரும் கோழி கட்டலீங்க. நம்மூருல கோழி வருதுங்க, நீங்க தண்ணி குடிங்க."

மாமனார் சிரித்தார். துக்க வீட்டில், கண்ணில் நீரோடு, வாய்விட்டுச் சிரித்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க போயி அந்தக் கோழி என்னாச்சுன்னு பாத்துப்போட்டு வாங்க."

போனேன். திரும்பும்போது ஒரு கையில் கோழி, மறு கையில் போன். செவ்வாய்க்கிழமை என்றது சும்மா அடித்துவிட்டதாகத்தான் இருக்கும், சபையிலேயே கேட்டுவிடலாம் என்று பழைய காலண்டரைத் தேடிக்கொண்டே நடந்தேன்.

செவ்வாய்க்கிழமையேதான். இந்தக் கதையும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.