ஒரே கையெழுத்தில் நாற்பது அட்டைகள்

மீன்காரம்மாவின் அஞ்சலட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் மஞ்சள் கறை வேறு. இதைப் பிரதமருக்கு அனுப்பினால் மயிலாப்பூரின் மானம் என்னாவது? ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நான் எதற்கு இருக்கிறேன்?

அப்போது இலங்கையில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. நம் அரசு வாயைத் திறக்கவில்லை. போரை நிறுத்தச் சொல்லி ஊரே எழுதினால் திறந்துதான் ஆகவேண்டும் என்று நம்பினார் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என் மாமா. கட்டுக்கட்டாக அட்டை வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சாந்தோமில் மீன்காரம்மா சிரித்தார். "இன்னா நைனா, நான் எய்தி டெல்லிக்காரன் கேட்டுக்குவானா?"

"நீங்க ஒருத்தர் எழுதினா கேக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் எழுதினா?" என்றார் மாமா.

"அப்ப குடு. என் எய்த்தப் பாத்து பயந்துனாச்சும் நிறுத்துறானா பாப்போம்."

எங்கள் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் தன் அட்டையை என் கையிலேயே தந்தார். "அம்மா இன்னும் சண்டைக்குள்ளதான் இருக்கிறா, பிள்ளை. கவனமாக் குடுங்கோ." அம்மாவின் பெயர், ஊர், கடைசியாகப் பேசிய நாள் எல்லாம் அதில் இருந்தன. இடம் போதாமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வெளியே போயிருந்தார். மிச்சமிருந்த வெற்று அட்டைகளை எடுத்து, எழுதித் தந்திருந்த நாற்பது பேருக்காகவும் நானே எழுதினேன். எல்லாவற்றிலும் அதே ஐந்து வரி, முத்து முத்தாக. பழையவற்றைக் கிழித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, புதியவற்றைத் தபால்பெட்டியில் சேர்த்தேன்.

மாமா வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"எல்லாமே உன் எழுத்தா?"

"ஆமா மாமா. ஒரு அடித்தல்கூட இல்ல."

"மாடிவீட்டு அக்காவோடதுமா?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் புது அட்டைகளோடு மறுபடி கிளம்பினார். என்னிடம் ஒன்றைக் கொடுத்து, மாடிக்குப் போய் நடந்ததைச் சொல்லி எழுதி வாங்கிவரச் சொன்னார். நான் போகவில்லை. மாடிப்படியில் பார்த்தபோது அக்காவே கேட்டார்: "என்ர கார்ட்டும் போச்சுதா, பிள்ளை?" போய்விட்டது என்றேன்.

போர் முடிந்தது. அவர் அம்மாவைப் பற்றித் தகவலே வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அந்தப் போரில் செத்தவர்களுக்கு நியாயம் கேட்டுக் கல்லூரி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், டெல்லியின் வாக்கு இலங்கை அரசுக்கு எதிராக விழுந்தது. மாமா சொன்னது நடந்தது, நேரத்துக்கு நடக்கவில்லை.

என் அட்டைகளால்தான் போர் நிற்கவில்லை என்று சொல்ல வரவில்லை. என் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பெல்லாம் கிடையாது. ஆனால் நாற்பது பேரை ஒரே ஆளாக்கிவிட்டேன் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இப்போது வேறொரு கடலோரத்தில் போர். நம் அரசு மறுபடியும் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுகிறது. வெற்று அட்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறன்று முதலில் கே.கே. நகருக்குப் போகவேண்டும். அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறார். அட்டையை நீட்டுவதற்கு முன்னால், அவருடைய பழைய அட்டை எங்கே போனது என்று சொல்லிவிடப் பார்க்கிறேன்.