இடது மூலைக்கு ஓர் ஆள்

எனக்குப் பதிலாக ஆட ஓர் ஆளைத் தேடித் தரும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். கேட்டதும் முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் சிரிப்புக்குப் பின்னாலேயேதான் கிளம்பி வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை என்ற சொல்லே புழங்காத காலம். முந்திரித் தோப்பை அழித்துக் கட்டிய ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், இரும்பு உருக்கும் உலையடியில் எனக்கு வேலை. மீஞ்சூரிலிருந்து காலை பாசஞ்சரில் போவேன். கம்பெனிக்கு ஒரு கபடி டீம் இருந்தது. கபடி என்று நோட்டீஸில்தான் போடுவார்கள், எங்கள் வாயில் அது சடுகுடுதான். அந்த டீமில் இடது மூலை என்னுடையது.

மூலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிராளி ஒரே மூச்சில் பாடிக்கொண்டு நம் பக்கம் வருவான். நம்மைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் அவனுக்குப் பாயிண்ட். மூச்சு தீரும்வரை அவனைப் பிடித்து நிறுத்தினால் நமக்கு. பாடிப் போகிறவனைத்தான் ஊர் பார்க்கும், அவனுக்குத்தான் விசில், அவனுக்குத்தான் சோடா. மூலையில் நிற்கிறவனுக்கு இரண்டு வேலை. ஆள் தன் பக்கம் வந்தால் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். வேறு யாராவது பிடித்தால், ஓடிப்போய் வழியை அடைக்க வேண்டும். இரண்டையும் செய்துவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு பழையபடி மூலைக்கே போய் நிற்க வேண்டும்.

அப்படி நின்றும் எனக்கு ஒரு பேர் கிடைத்தது. அறுபதுகளில் ஒரு பொங்கலுக்கு மீஞ்சூரில் ஆடினோம். எதிரணியின் பெரிய ஆள் ஒருவன், எருமை மாதிரி இருப்பான், அவன் காலைப் பிடித்துவிட்டேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டான். கூட்டத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர், "பூட்டுடா பூட்டு! சாவி கீதாடா உங்கிட்ட?" என்று கத்தினார். அவ்வளவுதான். அன்று முதல் மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை ரயில் பாதை நெடுக எனக்குப் பேர் பூட்டு. ரேஷன் கடையில் பூட்டு, முடிவெட்டும் கடையில் பூட்டு. என் அப்பா வைத்த பேரை என் மாமியார் மட்டும்தான் சொல்வார், அதுவும் திட்டும்போது.

பேரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. டீமில் இருப்பவர்கள் மூன்று மணிக்கு வேலையை விட்டு ஆட்டத்துக்குப் போகலாம். உலையடியில் மூன்று மணி என்றால் என்ன என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். மேலே தகரக் கூரை, எதிரே உருகின இரும்பு, கண்ணிமை முடி கருகும். அந்த நேரத்தில் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, வாசலைத் தாண்டி வெளியே வருவேன். வெளியிலும் வெயில்தான், ஆனால் காற்று இருக்கும். அந்த ஒரு நடைக்காகவே நான் முப்பத்து நாலு வயதுவரை வயிற்றை இழுத்துக் கட்டி ஆடினேன்.

அந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லேபர் ஆபீசர்தான் டீமுக்கும் பொறுப்பு. பட்டணத்துக்காரர், படிக்கிற காலத்தில் ஹாக்கி ஆடியவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஒரு காலேஜ் பையனை எடுக்கலாம்னு மேனேஜ்மெண்ட் சொல்லுது. வேலையும் கொடுப்பாங்க. மூலைக்கு ஆள் வேணும். உங்களைவிட மூலை தெரிஞ்சவர் யார் இருக்கா? நீங்களே வந்து பாருங்க."

"அவன் வந்தா நான் எங்க சார் நிக்கிறது?"

அவர் மேஜையைப் பார்த்தார். மூன்று மணிச் சலுகை டீமில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், ஓர் ஆள் வந்தால் ஓர் ஆள் போக வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் அவரே, "நீங்க யாரும் தேறலன்னு சொன்னா, யாரையும் எடுக்கல. இந்த வருஷமும் நீங்களே ஆடுங்க. உங்க வார்த்தைதான்" என்றார். நல்ல மனுஷன். அதனாலேயே அவரைத் திட்டவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, பொண்ணு பாக்கவா போற? இவ்ளோ சோக்கா கெளம்பிக்கினு கீற?"

"புள்ள பாக்கப் போறேன். நாஷ்டாவ வை."

ஆபீசரின் ஜீப்பில் திருவள்ளூருக்குப் போனோம். ஒரு காலேஜ் மைதானத்தில் ஆட்டம். காலேஜ் ஆட்டம் என்றால் எனக்கு அப்போது ஒரு இளக்காரம். கம்பெனி ஆட்டத்தில் முப்பது வயதுக்காரன், மூட்டை தூக்கினவன், சம்மட்டி அடித்தவன் வருவான். காலேஜில் வருகிறவன் டிபன் கேரியர் தூக்கினவன். டிபன் கேரியர்காரனைப் பிடித்தவன் சம்மட்டிக்காரனையும் பிடிப்பான் என்று எப்படி நம்புவது? காலேஜில் நூறு பேரைக் கவிழ்த்தவன் கம்பெனி ஆட்டத்துக்கு வந்து முதல் நாளே முழி பிதுங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று பேரைப் பார்க்கச் சொன்னார்கள். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன். வலை இழுத்த கை, விடாது என்று நான் போகும்போதே முடிவு கட்டியிருந்தேன். அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் பாடிப் போவதில்தான் அவனுக்கு ஆசை. மூலையில் நிறுத்தினால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். இரண்டாமவன் வேப்பம்பட்டுப் பக்கம் நெல்லும் நிலமும் உள்ள வீட்டுப் பிள்ளை. நல்ல உயரம், நல்ல தொடை. ஆனால் ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் பெண்கள் நின்ற வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தான். இவனை எடுத்தால் மரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

மூன்றாமவன் ஒரு தையல்காரர் மகன். கறுத்து, குட்டையாக, கண்ணை மறைக்கும் அளவுக்குத் தலைமுடி. பார்த்தால் கடைக்கு அனுப்பிய பையன் மாதிரி இருந்தான். ஆபீசர் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கவனிச்சீங்களா? இவன் பக்கம் யாருமே வரல" என்றார்.

நான் கவனித்திருந்தேன். பாடி வந்தவர்கள் எல்லாம் வலது பக்கமே போய்க்கொண்டிருந்தார்கள். என் மூலையிலும் அப்படித்தான் நடக்கும். எனக்குச் சுருக்கென்றது. "நாலு எலும்பனுங்கள புடிச்சிருப்பான் சார். அதுக்காக மூலையாயிடுமா? நம்ம ஆளுங்க வந்தா தோள்ல போட்டுக்கினு போயிடுவானுங்க."

"அப்ப நீங்களே பாடிப் பாருங்களேன்" என்றார், மெதுவாக.

ஆட்டம் முடிந்து பையன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பி.டி. மாஸ்டர் அவர்களை மறுபடி நிறுத்தினார். நான் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஜீப்பில் போட்டேன், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். என் தொப்பையைப் பார்த்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள். சிரிங்கடா, சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாடிப் போவது என் வேலையில்லை. ஆனால் பாடி வருகிறவன் செய்யும் அத்தனை திருட்டுத்தனமும் எனக்குப் பாடம். இடது மூலைக்காரனைச் சோதிக்க வேண்டுமானால் அவன் கையைப் பார்க்கக் கூடாது, குதிகாலைப் பார்க்க வேண்டும். காலை நீட்டிக் காட்டி உடனே இழுத்துக்கொண்டேன். அவசரக்காரனாக இருந்தால் குதிகால் கிளம்பியிருக்கும். அவனுக்குக் கிளம்பவில்லை. போதும் என்று திரும்புகிறவன் மாதிரி முதுகைக் காட்டினேன். யாராக இருந்தாலும் ஓரடி பின்னால் வருவான், அப்போது உதைத்துத் தொட்டுவிடலாம். அவன் வரவில்லை. சும்மா நின்றுகொண்டு, அந்த முடிக்குள்ளிருந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முழங்காலை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. போகக் கூடாத ஆழத்துக்கு, அவன் மூலைக்குள்ளேயே போனேன். விரல் நுனி அவன் தோளில் பட்டது. பட்ட அதே நேரம் என் கணுக்கால் அவன் கைக்குள் போய்விட்டது.

இழுத்தேன். அவனைவிட நான் எவ்வளவோ கனம். அவன் குப்புற விழுந்து என் காலோடு சேர்ந்து தேய்ந்துகொண்டே வந்தான். மற்ற பையன்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தனும் உதவிக்கு வரவில்லை. சுண்ணாம்புக் கோடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. கை நீட்டினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். வாய் பாடிக்கொண்டே இருந்தது. அவன் முழங்கை உரிந்து மண்ணில் ரத்தக் கோடு. பிடி மட்டும் ஒரு நூல்கூடத் தளரவில்லை. அப்புறம் என் மூச்சு நின்றுவிட்டது.

வாயைப் பிளந்துகொண்டு நின்ற பி.டி. மாஸ்டர் விசிலை மறந்துவிட்டார். கீழேயிருந்து அந்தப் பையன் கேட்டான், "வலிக்குதாண்ணே?" கேட்டானே தவிர விடவில்லை.

"விசில ஊதச் சொல்லுடா மொதல்ல!" என்று கத்தினேன். விசில் வந்த பிறகுதான் விட்டான். விட்டதும் என் காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

திரும்பும் வழி முழுக்க ஆபீசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சாயங்காலம் மனைவி வெந்நீரில் உப்பைப் போட்டு என் காலை அதில் வைத்தாள். கணுக்காலுக்கு மேலே விரல் அச்சு நீலமாகப் பதிந்திருந்தது. "அடப்பாவி! எவன்யா இவன்? கையா, இடுக்கியா?"

"என் எடத்துக்கு வரப்போறவன்."

அவள் கை அப்படியே நின்றது. "அப்ப நீ? மூணு மணிக்கு மேலயும் உலையிலதானா?"

"ஆமா."

"அவன் வேணாம்னு நீ சொன்னா?"

"எடுக்க மாட்டாங்க. எல்லாம் என் வார்த்தைலதான் கீது."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். உலையிலிருந்து வரும் நாட்களில் என் முதுகில் எழும்பும் கொப்புளங்களுக்கு எண்ணெய் தடவுகிறவள் அவள்தான். "சொல்லுவியா?" என்றாள்.

ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வருஷம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்தக் கால் அவள் கையில் இருந்தது, அச்சு அச்சாக. "இந்தக் கால வெச்சிக்கினு எப்டிம்மே பொய் சொல்றது?" என்றேன். அவள் வெந்நீரை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆபீசரிடம் போய், "அந்தக் குட்டையன எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பின் வந்த மூன்று மணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கூட்டாளிகள் கையுறையை மாட்டிவிட்டுப் போவார்கள். போகும்போது என் பக்கம் பார்க்காமல் போவார்கள், அது இன்னும் பேஜாராக இருக்கும். பையன் மட்டும் பார்ப்பான். "வரேண்ணே" என்பான். "போ போ, கோட்டைத் தாண்ட உட்டுடாத" என்பேன். சொல்லிவிட்டு உலைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். உலையடியில் கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பொங்கலுக்கு மீஞ்சூரில் ஆட்டம் வந்தது. போகக் கூடாது என்று இருந்தேன். அந்தி சாய்ந்ததும் கால் தானாகப் போய்விட்டது. அதே மைதானம், அதே கரும்புச் சக்கை, மரத்தில் கட்டிய பெட்ரோமாக்ஸ். இத்தனை வருஷமாக அந்தக் கூட்டத்தைக் கோட்டுக்கு உள்ளிருந்து பார்த்தவன், அன்றைக்குத்தான் வெளியே தரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தேன். கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. எதிரணியின் பெரிய ஆள் பாடி வந்தான். பையன் மூலையில் அசையாமல் நின்றான். ஆள் காலை நீட்டிக் காட்டி இழுத்தான். குதிகால் கிளம்பவில்லை. என் குதிகால் தரையில் அழுந்தியது. அப்புறம் அந்தப் பெரிய ஆளின் கணுக்கால் போய்விட்டது.

"பூட்டு! பூட்டு! பூட்டு!"

கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் மண்ணில் தேய்ந்துகொண்டிருந்த அந்தக் குட்டையன் மேல் இருந்தது. இடது மூலையில் நிற்கிறவனுக்கு அதுதான் பேர் என்று ஊர் நினைத்துக்கொண்டுவிட்டது போல. அழுகையா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. நானும் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "பூட்டு! பூட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். விசில் ஊதி ஆட்டம் முடிந்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள், நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு வாலிபன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"யோவ் பெரீவரே, குந்துய்யா. பூட்டு தெரியல."

உட்கார்ந்தேன்.