மக்ரூனுக்கு எந்தத் தெரு

மருமக வீட்டுலயே முந்திரி மக்ரூன் போட்டு வாட்சப்புல விக்கா. அதுல அவ பேரு, போட்டோ கிடையாது. முந்திரிப்பருப்பு படம் மட்டுந்தான்.

ஒரு அம்மா மாசாமாசம் வாங்குவா. "வாயில வச்சா கரையுது"ன்னு எழுதுவா. அவ மக வளைகாப்புக்குப் பெரிய ஆர்டர் போட்டா. இன்னைக்கு நானே கொண்டு போனேன்.

"அண்ணாச்சிக்கு எந்தத் தெரு?"ன்னா.

நம்மூர்ல தெருவக் கேட்டா சாதியக் கேக்காவன்னு அர்த்தம். சொன்னேன்.

மூஞ்சி சுருங்கிட்டு. "விசேஷ வீடு பாருங்க, கொண்டு போயிருங்க."

"ஏம்மா, இத்தன மாசம் தின்னதயும் திருப்பித் தருவியளா?"ன்னேன். கதவச் சாத்திட்டா.

மருமக அழுதுட்டா. வாங்குற எல்லார்ட்டயும் அந்தம்மா சொல்லிருவாளாம். அதனால வேற நம்பர், வேற படம் மாத்தப் போறாளாம்.

"நம்ம தெருப் பலகையவே படமா வைளா"ன்னேன். முறைக்கா. நீங்க என்ன சொல்லுதிய மக்கா?