பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற ஜெபம்

கொரோனா இரண்டாம் அலையில் என் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. அவருக்காக ஜெபிக்க வந்தவர்களை நான் வீட்டுக்குள் விடவில்லை. கேட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டேன். அந்த நாளில் கர்த்தர் எங்களுக்குச் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் ஹைதராபாத்தில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்தேன். யுனிவர்சிட்டி ஹாஸ்டலை மூடியதும் அதே ஊரில் அல்வால் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் சானிடைசர், ஆளுக்கொரு தட்டு, வெளியே போனால் மாஸ்க் என்று ஒரே கெடுபிடி. "டாக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் அட்டென்ஷன்!" என்று அப்பா கேலி செய்வார். அந்த மனிதர் ஏப்ரல் கடைசியில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் கிடந்தார்.

ஆக்சிமீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. போன் பண்ணாத ஆஸ்பத்திரி இல்லை. எங்கும் பெட் இல்லை. போனில் பேசிய டாக்டர் மாத்திரைகளைச் சொல்லிவிட்டு, குப்புறப் படுக்க வையுங்கள், இன்னும் இறங்கினால் ஏதாவது ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. டெஸ்டில் அவருக்கு நெகடிவ். அவரை முன்னறையில் இருக்க வைத்துவிட்டு, இரண்டு மாஸ்க்கும் கையுறையும் போட்டு அப்பாவை நான் மட்டும் பார்த்துக்கொண்டேன். பாடம் எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் பயம் அதிகம். அடுத்து என்ன ஆகும் என்று படித்தவளாயிற்றே.

எங்கள் சபையில் யாருக்காவது முடியவில்லை என்றால் போதகர் ஐயா மூப்பர்களோடு வீட்டுக்கு வந்து, நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபிப்பார். அம்மா போன் செய்ததும் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள்.

"ஐயா, மன்னிச்சிருங்க. உள்ள வரக்கூடாது. ரோட்டுல நின்னே ஜெபிங்க" என்றேன்.

அம்மா கொதித்துப்போனார். "ஏட்டி, ஊழியக்காரரை வாசல்ல நிறுத்துதியே! ஒங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒன் மூஞ்சில முழிப்பேனா நான்?"

என் பயமும் அதுவேதான். அப்பா போய்விட்டால், ஜெபத்தைத் தடுத்தவள் இவள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்வேன்.

ஐயா கோபப்படவில்லை. எண்ணெய் பாட்டிலைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்தார். "நீயே பூசும்மா. நாங்க இங்கயிருந்தே ஜெபிக்கிறோம்."

பாட்டிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கையுறையோடு அப்பாவின் நெற்றியில் பூசினேன். ரப்பர் வழுக்கியது. ரோட்டில் அவர்கள் பாடுவது கேட்டது. எனக்குப் பாட்டு வரவில்லை. "ஆண்டவரே, நான் செய்தது தப்பானால் என்னைத் தண்டியும். அப்பாவை விட்டுவிடும்" என்று மாஸ்க்குக்குள் முனகினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, ஹைதராபாத் உருது கலந்து, "நக்கோ பேட்டா (வேண்டாம் மகளே), அழாதே" என்றார்.

விடியும்போது எண் கொஞ்சம் ஏறியிருந்தது. நம்பாமல் மீட்டரை என் விரலில் மாட்டிப் பார்த்தேன். மத்தியானம் இன்னும் ஏறியது. அப்பா கஞ்சி கேட்டார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஐயா வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன். ஐயாவுக்குக் காய்ச்சல், பாசிட்டிவ். எங்கள் கேட்டில் நின்றபோதே உடம்பு வலித்ததாம், வெயில் என்று நினைத்தாராம். உள்ளே வந்திருந்தால் வழக்கம்போல முதலில் முன்னறையில் இருந்த அம்மாவின் தலையில்தான் கை வைத்திருப்பார். அம்மா போனை வைத்தார். பிறகு, "சாவி ஒங்கிட்டதான இருக்கு? பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

ஐயாவும் சுகமானார், அவருக்காக நாங்கள் எங்கள் வீட்டிலிருந்தே ஜெபித்தோம். அப்பா பழையபடி என்னைக் கேலி செய்கிறார். படிப்பு ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம் என்று வைத்திருந்த நான் இப்போது கை கழுவும்போதும் ஜெபிக்கிறேன். அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் வரலாம். செய்ய வேண்டிய ஜாக்கிரதையைச் செய்யுங்கள். பயந்துகொண்டே ஆனாலும் ஜெபியுங்கள். மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். கர்த்தருக்குக் கேட்கும்.