ஒரே அளவு கோட்டு

எங்கள் அக்கா வேலை பார்க்கிற துணிக்கடையில் விற்கிற பெண்கள் எல்லாருக்கும் நீல ஓவர்கோட்டு, ஒரே அளவு. மொத்தமாக வாங்கினால் மலிவாம். மாதத்தின் முதல் நாள் சூப்பர்வைசர் வரிசையாக நிறுத்திப் பொத்தான் போடச் சொல்வார். போட முடியாதவள் குடோனுக்கு. கோட்டு சரியாம், உடம்புதான் தப்பாம். என்ன நியாயமோ! நானும் அதே கோட்டில் அங்கேதான் பில் போடுகிறேன். ஒல்லிக்குச்சி என்பதால் தப்பித்தேன்.

அக்கா வாயைத் திறந்தால், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவளும் இரண்டு துணி வாங்கிக்கொண்டு போவாள். கவுண்டர் என்றால் அவளுக்கு உயிர். அதற்காகப் பதினோரு வருஷம் அரை வயிறு சாப்பிட்டாள். குளித்துவிட்டு வந்தால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் தலை துவட்டுவாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நடுப்பொத்தான் தெறித்துச் சூப்பர்வைசர் காலடியில் விழுந்தது. மறுநாளே குடோன்.

முதல் வாரம் முழுக்க அழுதாள். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. பிறகு பசித்தது, பசித்ததற்குச் சாப்பிட்டாள். ஒருநாள் தன் புஜத்தைத் தானே தடவிக்கொண்டு, "நாப்பது கிலோ தூக்குதுடி இந்தக் கை. இத்தனை வருஷம் இதைப் பட்டினி போட்டிருக்கேனே, பாவி!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வருஷத்தில் கவுண்டரில் விற்பனை படுத்துவிட்டது. சூப்பர்வைசரே அக்காவைக் கூப்பிட்டுக் கோட்டை நீட்டினார். மூட்டை தூக்கியதில் வயிறு வற்றியிருந்ததால் பொத்தான்கள் சமர்த்தாகப் போட்டுக்கொண்டன. அக்கா சிரித்தபடி மேல்தட்டுத் துணியை எடுக்கக் கையைத் தூக்கினாள். டர்ரென்று இரண்டு அக்குளிலும் தையல் விட்டது.

"ரெண்டு மாசம் மூட்டை தூக்காதம்மா. சாப்பாட்டையும் கொஞ்சம் குறைச்சுக்க. கை தானா வத்திடும். உன் இடம் உனக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர்.

சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பில் போடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். அந்த இடத்துக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத்தானே தெரியும்.

அக்கா கோட்டைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் இங்க நிக்கணும்னுதான் ஆசை சார். பெரிய கோட்டா வாங்கிட்டுக் கூப்பிடுங்க. கையை வத்த விட மாட்டேன்."

வாசலில் சரக்கு லாரி வந்து நின்றது. குடோன் ஆட்கள் பின்பக்கமாகத்தான் போகவேண்டும் என்பது கடைச் சட்டம். அக்கா ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தாள். சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்து நின்றார்.

"வழி விடுங்க சார், மூட்டை வருது" என்றாள்.