முயலுக்குள் திணித்த பதர்

ஏழெட்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம் அது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து, வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். வீட்டில் நானும், ஒன்றாம் வகுப்புப் படித்த என் மகளும் மட்டும்தான். மனைவி குவைத்தில் இருந்தாள். ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பெண்டாட்டி ஊரில் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சோறு வடிப்பேன். மகளுக்கு இரட்டைச் சடை போட்டுவிடுவேன், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது அவிழ்ந்துவிடும். அதெல்லாம் பழகிவிட்டது, பேசத்தான் ஆள் இல்லை. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். "சோறு போடவா?" "வேணாம்பா." எங்கள் பேச்சு அதோடு சரி. அவள் பேசுவதெல்லாம் முயலோடுதான்.

முயல் என்றால் துணி பொம்மை. அவள் அம்மா விமானம் ஏறிய அன்றைக்குத் திருச்சியில் வாங்கிக் கொடுத்தது. "அம்மா ஞாபகம் வந்தா இதைக் கட்டிப் புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும். ஒன்பது மாதத்தில் பஞ்சு கட்டி தட்டிப்போய், முயலின் தலை தொங்கிவிட்டது. "கழுத்து நிக்க மாட்டேங்குதுப்பா" என்று இரண்டு மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளாக வந்து என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. இதையாவது செய்து கொடுப்போம் என்று உட்கார்ந்தேன்.

பஞ்சு வாங்கக் கடைத்தெருவுக்குப் போகச் சோம்பல். அன்றைக்குத்தான் விதைநெல்லைத் தூற்றிவிட்டு, காற்றில் ஒதுங்கிய பதரை ஒரு கூடையில் வாரி வைத்திருந்தேன். கனமில்லை, பொசுபொசுவென்று இருக்கிறது, இது போதாதா என்று தோன்றியது. முயலின் வயிற்றைப் பிரித்துப் பதரைத் திணித்தேன். கோணி ஊசியை எடுத்துச் சாக்குத் தைக்கிற மாதிரியே தைத்தும் விட்டேன். முயல் கிண்ணென்று நிமிர்ந்தது. அமுக்கினால் சரக் சரக்கென்று சத்தம் வேறு. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

பதரென்றால் வெறும் உமி மட்டும் இல்லை. அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் அதில் கிடக்கும். வருடா வருடம் மூங்கில் கிட்டி வைத்து வயலில் எலி பிடிக்கிறவன் நான். அறுவடை முடிந்தால் எலியெல்லாம் வீட்டைத் தேடி வரும் என்று ஊருக்கே சொல்கிறவன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் ஒரு கல்யாணம். முயலையும் கொண்டுவருவேன் என்று மகள் நின்றாள். "கூட்டத்துல தொலைஞ்சிடும் பாப்பா, வீட்லயே இருக்கட்டும்" என்று நானே வாங்கி நெல் மூட்டை மேல் உட்கார வைத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும் அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால் முயலின் வயிறு கிழிந்து கிடக்கிறது. ஒரு காதைக் காணவில்லை. தரையெல்லாம் பதர். கல்யாண வீட்டுக்கு உடுத்திய பட்டுப்பாவாடையில் அவள் அதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எலி கடிச்சிருச்சுப்பா. இத்தனை நாளா கடிக்கலையே, இன்னைக்கு ஏன் கடிச்சுச்சு?"

அட கடவுளே! ராத்திரி அவள் முகம் அதன்மேல் இருக்கும்போது எலி வந்திருந்தால் என்று நினைத்ததும் அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறைக்க மனம் வரவில்லை. "நெல்லு வாசத்துக்கு வந்திருக்கு பாப்பா. அப்பாதான் உள்ள வச்சுத் தைச்சேன். தப்பு என்மேலதான்" என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. முயலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

அந்த நேரம் பார்த்து குவைத்திலிருந்து வீடியோ கால். தினமும் அங்கே மதிய வேலை முடிந்ததும் கூப்பிடுவாள். மகள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"எங்கடி முயலு? காட்டு பார்ப்போம்."

"அது தூங்குதும்மா. எழுப்பக் கூடாது."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. நாங்களும் நல்லா இருக்கோம்மா."

குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை! போனை வைத்ததும், "ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீயும் அப்படித்தானே சொல்ற? மழையில பயிரு சாஞ்சப்பவும் நல்லா இருக்குன்னுதானே சொன்ன. அம்மா அங்க தனியா அழும்ல?"

பயிர் சாய்ந்ததை மறைத்தேன், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததை மறைத்தேன். எல்லாவற்றையும் இவள் பக்கத்தில் இருந்து கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அப்போதே திரும்பக் கூப்பிட்டேன். முயலைச் சொன்னேன், பயிரைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கும் இங்க ஒண்ணும் சரியில்லீங்க. காலு வீங்கிக் கெடக்கு. சொன்னா நீங்க ஒடிஞ்சு போவீங்கன்னு சொல்லல" என்று விசும்பினாள். அதைக் கேட்டதும் மகள் என் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள் பாருங்கள், ஒன்பது மாத அழுகை அது. மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். அழுததால் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் மறுநாள் சாப்பிடும்போது அவளாகவே பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றை எனக்குச் சொன்னாள்.

பஞ்சு வாங்கி வந்து முயலைத் தைத்துக் கொடுத்தேன், காது ஒன்றுதான். மனைவியும் ஒப்பந்தம் முடிந்து வந்து சேர்ந்துவிட்டாள். மகள் இப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனில் அவள் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லும்போதெல்லாம், நிஜமாகத்தான் சொல்கிறாளா, அன்றைக்கு என்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறாளா என்று தெரியாமல், இன்றைக்கும் நான் இரண்டாவது முறையும் கேட்கிறேன்.